தமிழுக்குச் சொல்லழுத்தம் உண்டா? தாள ஆய்வுகளைப் படித்துக் குழம்பியவனின் இழை

ஒலிப்பதிவன் எழுதியது:

வணக்கம். எழுத்தைப் பேச்சாக்கும் ஒரு மென்பொருளில் தமிழ்க் குரலுக்காக வேலை பார்க்கிறேன். ஒலிகள் எல்லாம் சரியாக வருகின்றன, ல ள ழ கூடத் தடுமாறவில்லை. ஆனாலும் கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "யாரோ வெளிநாட்டுக்காரர் நல்லா தமிழ் கத்துக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு." காரணம் தேடப் போய், சொல்லழுத்தமும் (சொல்லில் ஒரு சிலபிள், அதாவது ஓர் உயிரைச் சுற்றிய ஒலித்துண்டு, மற்றவற்றைவிட எடுப்பாக ஒலிப்பது) மொழித்தாளமும் பற்றிய ஆய்வுகளுக்குள் விழுந்து மூன்று வாரம் ஆகிறது.

படித்தவரை சொல்கிறேன். 1945-இல் கென்னத் பைக் மொழித்தாளத்தை இரண்டாகப் பிரித்தார். ஒரு வகையில் அழுத்தத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையே சம நேரம். இன்னொரு வகையில் சிலபிளுக்குச் சிலபிள் சம நேரம். 1967-இல் டேவிட் ஏபர்க்ராம்பி இன்னும் ஒரு படி போய், உலகத்து மொழிகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான் என்றார். ஆங்கிலம், ரஷ்யன், அரபு ஒரு பக்கம். பிரெஞ்சு, தெலுங்கு, யொரூபா மறுபக்கம். தெலுங்கு அங்கே என்றால் தமிழும் அங்கேதான் இருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன்.

பிறகு எஸ்தர் கிரேப், ஈ லிங் லோ இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு கையில் கிடைத்தது. 18 மொழிகளை அளந்திருக்கிறார்கள், அதில் தமிழும் ஒன்று. அடுத்தடுத்த உயிரொலிகளின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஓர் எண் தருகிறார்கள். ஆங்கிலத்துக்கு ஏறத்தாழ 57, தமிழுக்கு 56, ஸ்பானியத்துக்கு 30. தமிழ் ஆங்கிலத்துக்குப் பக்கத்து வீடு!

அப்படியானால் தமிழிலும் ஆங்கிலம் மாதிரி அழுத்தம் உண்டா? என் மென்பொருளில் ஒவ்வொரு சொல்லின் முதல் சிலபிளையும் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் உரக்க வைத்திருக்கிறேன். இன்னும் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா?


கடைசிபெஞ்ச் எழுதியது:

முதல் சிலபிளை நீட்டினால் "பல் வலிக்குது" என்பது "பால் வலிக்குது" ஆகிடாதா?


ஒலிப்பதிவன் எழுதியது:

அவ்வளவு நீட்டவில்லை. பல்லுக்கும் பாலுக்கும் நடுவில் நிற்கும்.


கடைசிபெஞ்ச் எழுதியது:

நடுவில் நிற்பதுதான் வெளிநாட்டுக்காரர்.


அலைக்கற்றை எழுதியது:

கடைசிபெஞ்ச் விளையாட்டாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். நான் பேச்சொலியியல் ஆய்வாளர். முதலில் அந்த 56.

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு உயிரொலிகளின் நீள வேறுபாட்டை எடுத்து, அந்த இரண்டின் சராசரியால் வகுக்க வேண்டும். பேச்சு முழுக்க இப்படிச் செய்து, சராசரி கண்டு, 100-ஆல் பெருக்க வேண்டும். எல்லா உயிரும் ஒரே நீளம் என்றால் விடை 0. இப்போது ஒரு கற்பனைத் தமிழ் வாக்கியம்: குறில், நெடில், குறில், நெடில் என்று மாறி மாறி வருகிறது, குறில் 50 மில்லிநொடி, நெடில் 100. வேறுபாடு 50, சராசரி 75. விடை ஏறத்தாழ 67. ஆங்கிலத்தைவிடவும் அதிகம்! அந்த வாக்கியத்தில் அழுத்தம் என்று ஒன்று துளியும் கிடையாது, வெறும் குறில் நெடில்தான்.

ஆங்கிலத்துக்கு 57 வருவது வேறு காரணத்தால். அழுத்தம் இல்லாத உயிர்கள் அங்கே சுருங்கி மழுங்கிப் போகின்றன. தமிழில் நீளம் சொல்லின் பொருளிலேயே இருக்கிறது: படு, பாடு. இரண்டு காரணத்துக்கும் ஒரே எண் வருகிறது. காய்ச்சல் 101 என்று வெப்பமானி சொல்லும், எந்தக் காய்ச்சல் என்று சொல்லாது.

இன்னொன்று: அந்த ஆய்வில் மொழிக்கு ஒரே ஒரு பேச்சாளர். ஒரு பத்தியை ஒருவர் வாசித்ததை வைத்து ஒரு மொழிக்கே முத்திரை குத்த முடியாது. எலினோர் கீன் 2006-இல் பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் தனித்தனியாக வாசிக்க வைத்து இதே வகை அளவைகளால் அளந்தார். இரண்டு தமிழுக்கும் நடுவிலேயே வேறுபாடு தெரிந்தது. பிரிட்டிஷ் ஆங்கிலத்திலிருந்து இரண்டுமே விலகி நின்றன. பக்கத்து வீடு எல்லாம் இல்லை.


மொழிபெயர்ப்பவள் எழுதியது:

அந்த "சம நேரம்" என்பதே அளந்தால் நிற்பதில்லை என்று எங்கோ படித்த நினைவு. சரிதானா அக்கா?


அலைக்கற்றை எழுதியது:

சரிதான். 1982-இல் பீட்டர் ரோச் ஏபர்க்ராம்பி சொன்ன அதே ஆறு மொழிகளை எடுத்து அளந்தார். அந்தப் பிரிவினைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே ரெபெக்கா டாவர், ஆங்கிலத்தில் அழுத்த இடைவெளிகள் ஸ்பானியத்தைவிட ஒன்றும் அதிகச் சீராக இல்லை என்று காட்டினார். கடிகாரம் யார் வாயிலும் இல்லை. அப்படியும் காதுக்கு ஏன் வேறுபாடு தெரிகிறது? மெய்கள் எவ்வளவு நெருக்கியடிக்கின்றன, அழுத்தமில்லாத உயிர் சுருங்குமா சுருங்காதா, இவைதான் காரணம் என்றார் டாவர். தாளம் என்று நாம் கேட்பது இவற்றின் விளைவு.

1999-இல் ரமூஸ், நெஸ்போர், மேலர் மூவரும் அந்தக் கருத்தை எண்ணாக்கினார்கள்: பேச்சில் உயிர் எத்தனை விழுக்காடு, மெய்த்தொடர்களின் நீளம் எவ்வளவு ஏறி இறங்குகிறது. மொழிகள் அழகாகக் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நின்றன. எல்லாருக்கும் சந்தோஷம். பிறகு 2012-இல் அமாலியா அர்வனிட்டி வந்து, பேச்சாளரை மாற்றினாலோ வாக்கியத்தை மாற்றினாலோ இந்த எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று காட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு இந்த எண்களை வைத்து மொழிகளை வகைப்படுத்தும் கட்டுரை வந்தால் முதலில் எத்தனை பேச்சாளர், என்ன வாசித்தார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

ஆகவே ஒலிப்பதிவன் தம்பி, தமிழ் எந்தக் கட்சி என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எது சுருங்குகிறது, எங்கே சுருங்குகிறது என்று கேளுங்கள். உங்கள் மென்பொருளுக்குத் தேவையானது அது.


கூவிளம் எழுதியது:

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். அலையும் வரைபடமும் எனக்குத் தெரியாது. ஆனால் "எது சுருங்குகிறது, எங்கே சுருங்குகிறது" என்று அம்மையார் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் இலக்கணத்தில் அதற்கென்றே ஓர் அலமாரி இருக்கிறது. பெயர் குறுக்கம்.

குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று தொல்காப்பியம் அளவுகோலையும் கொடுத்துவிடுகிறது. அந்த அளவு எங்கே குறையும்? ஐகாரம் தனியே நின்றால் இரண்டு மாத்திரை. சொல்லின் முதலில் வந்தால் ஒன்றரை. இடையிலும் கடையிலும் வந்தால் ஒன்று. அதாவது முதலிடத்தில் குறைவாகச் சுருங்குகிறது, மற்ற இடங்களில் பாதியாகிவிடுகிறது. பேச்சில் பாருங்கள், "தலை" என்பது "தல" ஆகிவிடுகிறது. "தை மாதம்" என்பதில் தை அப்படி ஆவதில்லை.

முதல் சிலபிளுக்கு ஏதோ ஒரு மதிப்பு இருக்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்ல? அழுத்தம் என்ற பெயர் மட்டும் வைக்கவில்லை.


கடைசிபெஞ்ச் எழுதியது:

ஐயா, அப்படியானால் "இரண்டு" ஏன் "ரெண்டு" ஆச்சு? மதிப்புள்ள முதல் சிலபிளே வீட்டை விட்டு ஓடிப்போச்சே.


கூவிளம் எழுதியது:

இராமன் ராமன் ஆவது போல என்று எண்ணினீரோ? அங்கே இகரம் பிற்பாடு சேர்ந்தது. ரகரம் தமிழில் மொழிமுதல் வராது என்பதால் முன்னே ஓர் இகரம் ஒட்டினார்கள், பேச்சில் அது கழன்றது. இரண்டு அப்படியன்று. "இரு" என்ற அடியில் பிறந்த நம் சொல். நல்ல கேள்வி கேட்டீர். சற்று யோசித்துவிட்டு வருகிறேன்.


மொழிபெயர்ப்பவள் எழுதியது:

ஐயா யோசிக்கும் இடைவெளியில் என் கதை. ஸ்பானியம் படித்தபோது "தெர்மினோ" என்ற ஒரே எழுத்துக்கூட்டத்தை ஆசிரியர் மூன்று விதமாகச் சொன்னார். முதல் சிலபிளில் அழுத்தினால் "சொல், தவணை". நடுவில் அழுத்தினால் "நான் முடிக்கிறேன்". கடைசியில் அழுத்தினால் "அவன் முடித்தான்". எனக்கு மூன்றும் ஒன்றாகவே கேட்டன. காது மந்தமோ என்று பயந்துபோனேன்.

பிறகுதான் தெரிந்தது, இதற்கு ஆய்வே இருக்கிறது. 1997-இல் இமானுவேல் டுபூ குழுவினர் அழுத்தம் மட்டும் மாறிய பொய்ச்சொற்களைப் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஸ்பானியர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஸ்பானியர்கள் எளிதாகப் பிரித்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் திணறினார்கள். பிரெஞ்சில் அழுத்தத்தால் ஒரு சொல்லின் பொருள் மாறுவதே இல்லை, அதனால் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கமும் காதுக்கு இல்லை. தமிழிலும் அழுத்தத்தை மட்டும் மாற்றிப் பொருள் மாறும் இரண்டு சொல்லை யாராவது காட்டுங்கள் பார்ப்போம். மாறாக, "பத்து", "பாத்து" என்று நீளத்தை மாற்றினால் எந்தக் குழந்தையும் கண்டுபிடிக்கும்.


அலைக்கற்றை எழுதியது:

அருமையான எடுத்துக்காட்டு. ஒரு திருத்தம் மட்டும்: பொருளை மாற்றாததால் அழுத்தம் இல்லை என்று ஆகாது. பின்னிஷ், ஹங்கேரியன் இரண்டிலும் எப்போதும் முதல் சிலபிளில் அழுத்தம். இடம் நிலையானது என்பதால் பொருள் மாறுவதில்லை, ஆனாலும் அழுத்தம் உண்டு. அந்த இரண்டு மொழியிலும் குறில் நெடில் வேறுபாடும் உண்டு! ஆகவே "நெடில் இருக்கிறது, அதனால் அழுத்தம் கிடையாது" என்றும் சொல்ல முடியாது. உலக மொழி அமைப்பு வரைபடத்தில் 502 மொழிகளுக்கு இந்தக் கணக்கு இருக்கிறது. 92 மொழிகளில் அழுத்தம் முதல் சிலபிளில், 110-இல் கடைசிக்கு முந்தியதில், 51-இல் கடைசியில். 220 மொழிகளில் நிலையான இடம் இல்லை.

அழுத்தம் என்பது சத்தம் என்ற எண்ணத்தையும் விட வேண்டும். டென்னிஸ் ஃப்ரை 1955-இல் ஆங்கிலச் சொற்களைச் செயற்கையாக மாற்றி மாற்றிக் கேட்க வைத்தார். பெயரா வினையா என்பது அழுத்தத்தால் மட்டும் தெரியும் "ஆப்ஜெக்ட்" போன்ற சொற்கள். சத்தத்தைக் கூட்டுவதைவிட நீளத்தைக் கூட்டினால் தீர்ப்பு அதிகம் மாறியது. 1958-இல் சுருதியையும் சேர்த்துப் பார்த்தார், அது இன்னும் வலுவாக வேலை செய்தது. சத்தம் பாவம், கடைசி இடம்.


கூவிளம் எழுதியது:

வந்துவிட்டேன். ஒரு காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். பிழையிருந்தால் திருத்துங்கள்.

முதலில் ஒரு சொற்குழப்பம். இக்காலத்தார் சிலபிளை அசை என்கிறார்கள். யாப்பில் அசை வேறு. குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நேர். குறிலிணையோ குறில்நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வந்தால் நிரை. ஆக நிரையசையில் இரண்டு சிலபிள் இருக்கிறது. இனி நான் அசை என்றால் யாப்பசை.

குற்றியலுகரத்தை எடுத்துக்கொள்வோம். "பாகு", "பாக்கு", "வரகு" இவற்றில் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகும். "பசு", "நடு", "அது" இவற்றில் குறுகாது, முற்றியலுகரம். தனிக்குறிலை அடுத்து வந்தால் குறுகாது என்று நாற்பது ஆண்டு மாணவர்களுக்கு மனப்பாடம் செய்வித்தேன். ஏன் என்று ஒருவனும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அசை பிரித்துப் பாருங்கள். பாகு: "பா" ஒரு நேர், அதோடு அசை முடிந்தது, "கு" வெளியே நிற்கிறது. பாக்கு: "பாக்" நேர், "கு" வெளியே. வரகு: "வர" நிரை, "கு" வெளியே. வெளியே நின்ற உகரம் குறுகுகிறது. பசு: "ப" என்ற தனிக்குறிலால் முதலில் தனித்து நிற்க முடியாது, அடுத்ததைச் சேர்த்துக்கொண்டு "பசு" முழுவதும் ஒரே நிரை. உகரம் உள்ளே இருக்கிறது, குறுகவில்லை!

தொல்காப்பியர் நேரும் நிரையும் போதாமல், உகரம் ஒட்டிய நேர்பு, நிரைபு என்று வேறு இரண்டு அசை வகுத்தது இந்த வெளியே நிற்கும் உகரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தானோ என்னவோ.


அலைக்கற்றை எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ப்ரூஸ் ஹேய்ஸ் 1995-இல் எழுதிய நூல் அழுத்த ஆய்வில் ஒரு மைல்கல். உலக மொழிகளின் அழுத்த விதிகளையெல்லாம் அவர் மூன்றே வகை அடிகளுக்குள் கொண்டுவருகிறார். (யாப்பின் அடி இல்லை. சிலபிள்கள் ஒன்றாகக் கட்டுண்ட சிறு கூறு. சொல்லுக்கு மன்னிக்கவும்.) அவற்றில் ஒன்றுக்கு ஐயாம்பு என்று பெயர். அதற்குள் என்ன வரலாம்? இலேசான சிலபிள் இரண்டு. அல்லது இலேசு ஒன்று, கனம் ஒன்று. அல்லது கனம் மட்டும் ஒன்று. இலேசு என்பதைத் திறந்த குறில் என்றும், கனம் என்பதை நெடில் அல்லது ஒற்றடுத்த குறில் என்றும் வைத்துப் பாருங்கள். குறிலிணை, குறில்நெடில், நெடில். நம் நிரையும் நேரும் அப்படியே வந்து நிற்கின்றன.

பிடி இருப்பது குறில்நெடிலில். ஹேய்ஸின் இன்னொரு அடிவகையும் மாத்திரையை எண்ணுவதுதான், ஆனால் அது குறில்நெடிலை ஒன்றாகக் கட்ட விடாது. "கடா", "புறா" இவை ஒரே அசை என்று நம் யாப்பு சொல்கிறது. ஆகவே ஐயாம்புதான் பொருந்துகிறது. அந்த அடியில் வலுவான இடம் இரண்டாவது. "பசு"வில் உகரம் அந்த வலுவான இடத்தில் இருக்கிறது, அதனால் சுருங்கவில்லை. "பாகு"வில் அடிக்கு வெளியே, அதனால் சுருங்குகிறது. இந்தப் பார்வையில் "இரண்டு" என்பதும் "இரண்" நிரை, அதில் வலுவற்றது "இ". அது விழுந்து "ரெண்டு".


கடைசிபெஞ்ச் எழுதியது:

"இரும்பு" அச்சு அசல் அதே அமைப்பு. "ரும்பு" என்று யாரும் சொல்வதில்லை. "உருண்டை"யும் உருண்டு ஓடவில்லை.


அலைக்கற்றை எழுதியது:

தோற்றேன். ரெண்டு தனி ஆள். எண்ணுப்பெயர்கள் மிக அதிகமாகப் புழங்குவதால் தனி வழியில் தேய்வது பல மொழிகளில் நடக்கும். அதை ஆதாரத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். குற்றியலுகரம் நிற்கட்டும், அது ஒரு சொல்லை நம்பியது இல்லை.

ஐயா சொன்ன ஐகாரத்தையும் இதோடு வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் இடறல். ஐகாரக்குறுக்கம் "முதலிடம் வலுவானது" என்கிறது. "தலை" என்பது குறிலும் ஐகாரமும், ஒரே நிரை. ஐயாம்பு என்றால் ஐகாரம் வலுவான இடத்தில் இருக்கிறது. சுருங்கவே கூடாது. ஆனால் "தல" என்கிறோம். இரண்டு குறுக்கமும் இரண்டு திசையைக் காட்டுகின்றன.


கூவிளம் எழுதியது:

"தல" ஆன பிறகும் அது குறிலிணை, நிரையே. ஐகாரம் ஒரு மாத்திரையாகத் தேய்ந்ததே அன்றி, உகரம் போல அரையாகவில்லை, மறையவும் இல்லை. அசை உடையவில்லை.


அலைக்கற்றை எழுதியது:

அது பாதி பதில், ஏற்றுக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் கணிப்பு: கட்டுதல் வேறு, அழுத்தம் வேறு. சிலபிள்களை நிரையாகக் கட்டுவது கால அளவின் வேலை. முதலிடத்து மதிப்பு சொல்லின் எல்லையைக் காட்டும் வேலை. இரண்டும் ஒரே மொழியில் இருக்கலாம், ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. சொல்லழுத்தம் முதல் சிலபிளில்தான், அது குறிலாகி அடுத்தது நெடிலானால் இரண்டாவதுக்கு நகரும் என்று ஒரு விதியும் தமிழுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விலக்கு விழும் இடம் எது பாருங்கள்: குறில்நெடில் நிரை!


ஒலிப்பதிவன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் வேலை செய்துகொண்டிருந்தேன்.

முதல் சிலபிளை நீட்டுவதை அடியோடு எடுத்துவிட்டேன். சத்தம் கூட்டுவதையும் எடுத்துவிட்டேன். சுருதியை மட்டும் சொற்றொடரின் தொடக்கத்தில் கொஞ்சம் ஏற்றினேன். அப்புறம் ஈற்று உகரத்துக்குக் கூவிளம் ஐயாவின் விதியை அப்படியே போட்டேன்: அசைக்கு வெளியே நின்றால் பாதி, உள்ளே இருந்தால் முழுசு. நாலு வரி நிரல்தான். "வெளிநாட்டுக்காரர்" என்று யாரும் சொல்லவில்லை. இப்போது சொல்வது: "செய்தி வாசிக்கிறவர் மாதிரி இருக்கு."

என் சொந்தக் குரலையும் பதிந்து, ஒலியை வரைபடமாக்கி அளக்கும் ப்ராட் மென்பொருளில் பார்த்தேன். "பாகு", "பசு" இரண்டிலும் உகரம் வேறுபடுவது கண்ணுக்கே தெரிகிறது. சில தடவை "பாகு"வில் உகரமே இல்லை, ககரத்தோடு முடிந்துவிட்டது.


அலைக்கற்றை எழுதியது:

தனிச்சொல்லாகச் சொன்னீர்களா? அப்படியானால் கணக்கில் சேராது. பேச்சு நிற்கும் இடத்தில் கடைசிச் சிலபிள் தானாகவே நீளும், அது இரண்டையும் குழப்பிவிடும். மெய்யும் வேறு வேறாக இருக்கிறது, ஒன்றில் ககரம், ஒன்றில் சகரம். "பகு", "பாகு" என்று ஒரே மெய்யாக எடுங்கள். "நான் ... என்று சொன்னேன்" போட்டால் உகரத்துக்குப் பின்னே எகரம் வந்து அதை விழுங்கிவிடும், ஆகவே பின்னால் மெய்யில் தொடங்கும் சொல்லாக வையுங்கள். பத்துத் தடவை, வரிசையைக் கலைத்து. உங்கள் குரல் மட்டும் போதாது, விதி தெரிந்தவர் வாய் விதிப்படிதான் பேசும்.


கூவிளம் எழுதியது:

என் குரலும் உதவாது என்று பொருள்.


கடைசிபெஞ்ச் எழுதியது:

எனக்கு விதி தெரியாது. இந்த இழையைப் படித்ததையும் பாதி மறந்துவிட்டேன். பதிவு செய்து அனுப்பட்டுமா?


ஒலிப்பதிவன் எழுதியது:

கடைசிபெஞ்ச் அனுப்பியதை அளந்தேன். "பகு வந்தது", "பாகு வந்தது", பத்துப் பத்து, கலைத்துப் போட்டு. "பகு"வில் உகரம் ஒவ்வொரு தடவையும் முழுசாக இருக்கிறது. "பாகு"வில் எல்லாத் தடவையும் குறைவு, மூன்றில் காணவே இல்லை. நடுவில் ஒருமுறை தும்மியிருக்கிறார், அதை மட்டும் வெட்டிவிட்டேன்.